பிணத்தை எண்ணுவோரும் பேயைத் தேடுவோரும்

அமெரிக்கக் கதைகளில் பிணங்கள் மிகுதி, பொருள் குறைவு என்று நம் மன்றக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் முழங்கினார். கைதட்டலும் பெற்றார். துப்பாக்கி வெடிக்கிறது, குருதி ஓடுகிறது, இறுதியில் யார் எதற்காகச் செத்தார் என்பதே விளங்கவில்லை; இதையும் இலக்கியம் என்று நம் தலையில் கட்டுகிறார்களே என்பது அவர் வழக்கு. அவருக்கு விடை கூற எழுந்தார் ஆங்கில இலக்கியம் பயிலும் இன்னொரு நண்பர். துப்பாக்கி ஒரு குறியீடு, பூனை ஒரு குறியீடு, செத்த கிழவி மீட்பின் குறியீடு. விளங்காமை என்பது பூட்டிய பெட்டி, திறவுகோல் ஆராய்ச்சி நூல்களில் உள்ளது என்றார். முதல்வர் பிணங்களை எண்ணிவிட்டு நூலை மூடிவிட்டார். இரண்டாமவரோ பிணங்களைக் காணவே இல்லை! இருவருக்கும் நடுவே அமர்ந்திருந்த எனக்கு, இருவரோடும் உடன்பட முடியவில்லை. நான் இயற்பியல் முதுகலை மாணவி. இலக்கியத்தில் தலையிட எனக்கென்ன உரிமை என்று கேட்பீராயின், ஓர் உரிமை உண்டு. ஐயம் என்பது என்னவென்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் கற்பிக்கிறார்கள்.

ஓர் அளவையை எழுதும்போது, அதனருகே அதன் பிழை எல்லையையும் எழுத வேண்டும். இத்தனை செகண்டு, இதில் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று குறிக்காவிட்டால் எங்கள் ஆசிரியர் ஏட்டைத் திருப்பி எறிவார். அந்த எல்லையைப் போடும் தகுதி யாருக்கு? அளந்தவனுக்கு. அளவே எடுக்காமல் "ஏதோ கூடக் குறைய இருக்கும்" என்பவன் ஐயத்தைக் கூறவில்லை, சோம்பலைக் கூறுகிறான். கதையில் வரும் ஐயத்தையும் இந்தக் கண்கொண்டே நான் பார்க்கிறேன்.

ஹெமிங்வே 1927-இல் வெளியிட்ட 'கொலையாளிகள்' என்ற சிறுகதையை எடுத்துக்கொள்வோம். ஒரு சிற்றூரின் உணவுக்கடைக்குள் இருவர் நுழைகிறார்கள். உணவுப் பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்கிறார்கள். கடைச் சுவரில் தொங்கும் கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடுகிறது என்பதைக்கூட ஆசிரியர் நமக்குச் சொல்லிவிடுகிறார். எது எந்நேரத்தில் கிடைக்கும், யார் எங்கே அமர்ந்தார், என்ன தின்றார், எப்படிச் சிரித்தார் என்பதெல்லாம் தெரிகிறது. ஆண்டர்சன் என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரனைக் கொல்ல அவர்கள் வந்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. ஏன் என்பதுதான் தெரிவதில்லை. ஊரார் ஊகிக்கிறார்கள், அவ்வளவே. செய்தி சொல்ல ஓடிய இளைஞன் நிக், அந்த வீரன் சுவரை நோக்கித் திரும்பிப் படுத்துக்கிடப்பதைக் காண்கிறான். ஓடவும் மனமில்லை அவனுக்கு, எதிர்க்கவும் மனமில்லை. கொலை நிகழுமுன்பே கதை முடிகிறது. ஒரு சொட்டுக் குருதியும் தாளில் இல்லை. பிணங்களை எண்ணும் நண்பர் இங்கே என்ன எண்ணுவார்?

அளக்கக்கூடிய யாவற்றையும் அளந்த பின்னரே ஹெமிங்வே அளக்க முடியாததை விட்டு வைக்கிறார். அதனால்தான் அவர் விட்ட இடம் நம்மை உறுத்துகிறது.

சொல்லாமல் விடுவது நமக்குப் புதிதும் அன்று. உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் அதற்குப் பெயரிட்டு இலக்கணம் வகுத்தவர்கள் தமிழர்கள். அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை எனின், புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைக் காண்க. மனைவி இரக்கப்பட்டு வீட்டில் சேர்த்துக்கொண்ட ஒரு பிச்சைக்காரி. அவள் பேயா, அல்லது கதை சொல்லும் எழுத்தாளரின் அச்சமா? கதை தீர்ப்புக் கூற மறுக்கிறது. ஆனால் வீடு, தெரு, வெற்றிலை, இரவு எல்லாம் கைக்கு அகப்படுகின்றன. 1948-இல் நோயுற்று அவர் உயிர் நீத்தது இந்தத் திருவனந்தபுரத்தில்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? சிலைகளுக்குக் குறைவில்லாத நகரம் இது. அவரைத் தேடி அலைந்தால் கால்தான் வலிக்கும்.

பேய் என்றதும் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. நான் போனக்காட்டுக்காரி. திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், விதுராவுக்கு மேலே, அகத்தியர் மலையின் அடியில் கிடக்கும் தேயிலைத் தோட்டம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து என் முன்னோர் கொழுந்து பறிக்க வந்தார்கள். லயத்தில் பிறந்தார்கள், லயத்தில் இறந்தார்கள். எங்களுக்கு வெளியுலகில் ஒரு புகழ் உண்டு. தேயிலையால் அன்று, ஒரு பாழடைந்த பங்களாவால்!

அந்த வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவில் பேய் உலவுகிறதாம். தோட்டத்தின் துரை ஒருவருக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாளாம், அவள் இறந்துபோனாளாம், துரை மனமுடைந்து சீமைக்குப் போய்விட்டாராம். பின்னொரு நாளில் விறகு பொறுக்கப் போன பெண் ஒருத்தி படிப்பறியாதவளாயிருந்தும் ஆங்கிலம் பேசினாளாம். கதை இவ்வளவுதான். விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிள்களில் கூட்டம் வருகிறது. கையிலே கேமரா. யூடியூபில் போடப் படம் பிடிக்கிறார்கள். வழியில் நிற்கும் எங்கள் ஆச்சியிடம், "பேய் பங்களா எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஒழுகும் கூரையின்கீழ் நின்று அவள் வழி காட்டுகிறாள். கூரையை ஒருவரும் படம் பிடிப்பதில்லை.

இந்தக் கதையையும் 'விளங்காத மரணம்' என்றுதான் சொல்கிறார்கள். ஹெமிங்வேயின் விளங்காமைக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு! அந்தச் சிறுமியின் பெயர் என்ன? ஆளுக்கொரு விதமாகக் கூடச் சொல்வதில்லை, பெயரே கிடையாது. என்ன நோய்? கேட்பாரில்லை. தேவாலயப் பதிவேட்டையோ பழைய கணக்கேட்டையோ புரட்டிப் பார்க்கும் எண்ணமும் வருவோருக்கு இல்லை. ஆங்கிலம் பேசியதாகச் சொல்லப்படும் விறகுப் பெண்ணின் கதியோ இன்னும் பரிதாபம். அவள் யார் வீட்டுப் பெண், அப்புறம் என்ன ஆனாள் என்று எவரும் கேட்பதில்லை. துரைமகளின் குரல் வந்து தங்கிப் போவதற்கு ஒரு கூடாகத்தான் அவள் கதைக்குத் தேவைப்பட்டாள். அளவெடுக்காமல் போட்ட பிழை எல்லை இது. உண்மையில் இறந்திருப்பாளாயின் அந்தச் சிறுமிக்கும் இது அவமதிப்பே.

1948-இல் 'தி நியூயார்க்கர்' இதழில் ஷெர்லி ஜாக்சன் என்ற பெண்மணி 'குலுக்கல்' என்ற கதையை வெளியிட்டார். முந்நூறு பேர் வாழும் ஓர் ஊர். ஜூன் 27, வெயில் நன்றாக அடிக்கும் காலை. கறுப்புப் பெட்டியிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுக்கிறார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் தாமதமாக ஓடிவந்த ஓர் இல்லத்தரசியின் கையில் புள்ளியிட்ட சீட்டு விழுகிறது. ஊரே கூடி அவளைக் கல்லால் அடிக்கிறது. அவள் பெற்ற சிறு மகனுக்கும் யாரோ கூழாங்கல் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஏன் இந்த வழக்கம்? பண்டுதொட்டு வருகிறது என்பதற்கு மேல் விடை இல்லை.

அந்தக் கோடையில் தமக்கு வந்த முந்நூற்றுச் சொச்சம் கடிதங்களைப் பற்றி ஜாக்சனே பின்னர் உரையாற்றியிருக்கிறார். திகைப்பும் வசையும் நிரம்பிய கடிதங்கள். அவற்றுள் ஒரு வகை என்னைத் தூங்கவிடாமல் செய்தது: இத்தகைய குலுக்கல்கள் எவ்வூரில் நடக்கின்றன, அங்கே போய் வேடிக்கை பார்க்கலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்களாம்! 'பேய் பங்களா எங்கே?' என்ற குரல் எனக்கு உடனே கேட்டது. அந்த வாசகர்களைவிட நாம் மேலானவர்கள் என்று எண்ண வேண்டா. கதையின் விளங்காமை நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்கிறது. நாமோ அதற்கு ஒரு நுழைவுச்சீட்டு வாங்கப் பார்க்கிறோம்.

இனி ஆங்கில இலக்கிய நண்பரின் திறவுகோலுக்கு வருவோம். ஃபிளானரி ஓ'கானரின் 'நல்ல மனிதன் கிடைப்பதரிது' 1953-இல் வந்தது. உல்லாசப் பயணம் புறப்பட்ட ஒரு குடும்பம் வழி தவறி, வண்டி கவிழ்ந்து, சிறையிலிருந்து தப்பிய கொலைகாரர்களிடம் சிக்குகிறது. அறுவரும் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். ஐவரின் மரணம் காட்டுக்குள் நிகழ்கிறது. நமக்குக் கேட்பது வெடியோசை மட்டுமே. கடைசியில் பாட்டி, கொலைகாரனைத் தன் பிள்ளை என்று கூறித் தொடுகிறாள்; அவன் சுட்டுவிடுகிறான். அந்தத் தொடுகை இறையருளா, உயிரச்சமா? கற்றோர் ஆண்டுக்கணக்கில் வாதிடுகிறார்கள். பிணங்களைப் பார்க்காதீர்கள், பாட்டியின் உள்ளத்தில் அருள் செயற்படுவதைப் பாருங்கள் என்ற கருத்தில் ஓ'கானரே பேசியிருக்கிறார். பெரிய எழுத்தாளர்தான், கத்தோலிக்க நம்பிக்கையில் ஊறியவர், தம் கதையை அறிந்தவர். ஆயினும் என்னால் அவர் சொற்படி நடக்க முடியவில்லை. ஏனெனில் அவர் எழுதியதே என்னைத் தடுக்கிறது.

அந்தக் குடும்பத்தில் ஒரு மருமகள் இருக்கிறாள். கதை முழுதும் அவளுக்குப் பெயர் இல்லை. 'குழந்தைகளின் தாய்' என்றே சுட்டப்படுகிறாள். கைக்குழந்தையை ஏந்தியபடி, வண்டி கவிழ்ந்ததில் தோள் ஒடிந்து உட்கார்ந்திருக்கிறாள். கணவனிடம் போகிறாயா என்று கொலைகாரன் நயமாகக் கேட்க, எழுந்து காட்டுக்குள் நடக்கிறாள். பாட்டி அவ்வளவு பேசுகிறாள், கொலைகாரன் தத்துவம் உரைக்கிறான். இவள் பேசியது மிகக் குறைவு. இவளுக்கு அருளும் இல்லை, குறியீடும் இல்லை. இத்தனை ஆராய்ச்சியில் இவளைப் பற்றி எத்தனை பக்கம் என்று நண்பரைக் கேட்கிறேன். ஓ'கானர் அறிந்தே பெயரிடாமல் விட்டாரோ, அறியாமல் விட்டாரோ, அந்த ஐயமே எனக்குப் பாட்டியின் தொடுகையைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. யாருடைய மரணத்திற்குப் பொருள் தேடுகிறோம், யாருடைய மரணத்தைத் தாண்டி நடக்கிறோம்?

இதைக் கதைகளுக்குள் மட்டும் வைத்துப் பேசிவிட்டுப் போகலாம். மனம் ஒப்பவில்லை. எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் எழும் அந்த மலையின் கிழக்குச் சரிவில் பிறப்பது தாமிரபரணி. அதே மலைத்தொடரில், திருநெல்வேலிப் பக்கம் உள்ளது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். எங்களைப் போன்ற மக்கள். எங்களைப் போன்ற லயங்கள். கூலி உயர்வு கேட்டும், சிறைப்பட்ட தொழிலாளரை விடுவிக்கக் கோரியும், 1999-ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் அவர்களுக்காக ஊர்வலம் சென்றது. ஆட்சியர் அலுவலகத்தருகே காவல்துறை தடியடி நடத்தியது. ஒருபுறம் தடி, மறுபுறம் ஆறு. 17 பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அவர்களுள் அடக்கம். விசாரிக்க அமைக்கப்பட்ட நீதிபதி மோகன் ஆணையம், பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று முடிவு கூறிற்று.

'மூழ்கினர்.' பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தோமே, நினைவிருக்கிறதா? உருண்டான் என்பது தன்வினை. உருட்டினான் என்பது பிறவினை. மூழ்குதல் தன்வினை. அந்த ஒரு வினைச்சொல்லில் ஆறு இருக்கிறது, இறந்தவர் இருக்கிறார், கரையில் நின்றவரைக் காணோம்! நீச்சலடிக்கப் போன இடத்தில் நேர்ந்தது போல ஒலிக்கிறது. இறந்தவர்களின் தரப்பில் பேசியோர் அனைவரும் கேட்டது ஒன்றே: கைக்குழந்தையோடு ஒருத்தி எதற்காக ஆற்றில் இறங்கினாள்?

நான் சட்டம் படித்தவள் அல்லேன். தீர்ப்பு எழுத வரவில்லை. ஆனால் ஓ'கானரின் கதையில் வெடியோசை காட்டுக்குள்ளிருந்து மட்டும் கேட்பதைப் பொறுமையாக வாசித்துப் பழகியவன், இந்த 'மூழ்கினர்' என்ற சொல்லின் முன் நிற்காமல் போகமாட்டான். ஒரு வாக்கியம் எதை மேடையில் காட்டுகிறது, எதைத் திரைக்குப் பின் தள்ளுகிறது என்று பார்க்கும் பழக்கமே புனைகதை வாசிப்பு தரும் பயிற்சி. மாரி செல்வராஜ் தம் சிறுகதைத் தொகுப்புக்கு 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று பெயர் வைத்தார். அந்த எதிர்மறையைக் கவனியுங்கள். கொல்லப்படாதவர்கள் என்று சொல்லும்போதே கொல்லப்பட்டவர்கள் எழுந்து நிற்கிறார்கள். 'மூழ்கினர்' மறைத்த பிறவினை, ஒரு நூலின் அட்டையிலே வெளிப்பட்டுவிட்டது. தப்பியவனுக்கு வாழ்த்தா, பழியா என்பதை மட்டும் அப்பெயர் சொல்லாமல் விடுகிறது. அளந்தபின் விட்ட ஐயம் என்று நான் சொன்னது இதைத்தான்.

டோனி மாரிசனின் 'பிலவ்டு' (1987) ஒரு பேய்வீட்டுக் கதை. அடிமைத்தளையிலிருந்து தப்பிய மார்கரெட் கார்னர் என்ற கறுப்பினத் தாய், பிடிக்க ஆள் வந்தபோது, தன் மகள் மீண்டும் அடிமையாவதைவிடச் சாவதே மேல் என்று தன் கையாலேயே அவளைக் கொன்றாள். அது 1856-இல் நடந்த உண்மை. அந்த உண்மையிலிருந்து பிறந்தது இந்நாவல். வீட்டில் உலவுவது அக்குழந்தையின் ஆவி. பின்னர் ஒருநாள் வாசலில் வந்து அமரும் இளம்பெண், செத்த மகள்தானா, அல்லது வேறெங்கோ துன்புற்று ஓடிவந்தவளா? கடைசிவரை உறுதியில்லை. எங்கள் பங்களாவின் பேயும் பேய்தான், இதுவும் பேய்தான். அங்கே துரைமகளின் ஆவி ஏழைப் பெண்ணின் வாயில் புகுந்துகொண்டது. இங்கே ஏழையின் பிள்ளை தன் வாயாலேயே வந்து கேட்கிறது. இந்த ஒரு வேற்றுமைக்காகவே மாரிசனை நான் தொழுவேன். 1993-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தவர்களும் தொழுதார்கள் போலும்!

அந்தத் தாய் தன் பிள்ளைக்கு ஒரு கல் நடுகிறாள். கல்வெட்டுகிறவனுக்குக் கொடுக்கக் காசில்லை. தன் உடலைப் பத்து நிமிடம் கொடுத்து, ஒரே ஒரு சொல்லை வெட்டச் செய்கிறாள். நடுகல் நடும் முறையைப் படிப்படியாக வகுத்துச் சொன்ன தொல்காப்பியத்தைப் பெருமையோடு பேசுகிறோமே, அந்தப் பெருமை லயத்தில் செத்தவர்வரை எட்டியதா? சென்ற விடுமுறையில் ஆச்சியை உட்காரவைத்து, அவள் அறிந்த சாவுகளைச் சொல்லச் சொன்னேன். பாம்பு தீண்டிய இடம் எந்தப் பாத்தி, பிள்ளைவலி கண்டவளைத் தொட்டில் கட்டித் தூக்கிப் போனவர் யார் யார், எந்த வளைவில் அவள் உயிர் போயிற்று, கூலி நின்றுபோன ஆண்டுகளில் மருந்தை நிறுத்தியவர் எத்தனை நாள் கிடந்தார், எல்லாம் அவள் நாவில் இருக்கின்றன. பெயர், மாதம், கிழமை உட்பட. "அந்தத் தொரமவ பேரென்ன ஆச்சி?" என்றேன். "யாருக்குட்டி தெரியும்?" என்றாள். பிறகு, "அதுக்கு ஒரு பங்களா இருக்குலா, வந்து பாக்கான். நம்ம ஆளு செத்ததுக்கு எவன் கேமரா தூக்கிட்டு வாரான்?" என்றாள். கொழுந்துக்கூடையைச் சுவரில் மாட்டிவிட்டு, உலை வைக்கப் போய்விட்டாள்.

"இலக்கியத்தை மனுக்கடிதம் ஆக்குகிறாயே" என்று சிலர் கேட்கக்கூடும். மனுவில் ஐயத்துக்கு இடமில்லை. அதனால்தான் மனு இலக்கியம் ஆவதில்லை. ஆச்சி சொன்னதை நான் அப்படியே ஏட்டில் எழுதியிருக்கிறேன். அதைக் கதையாக்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. பிள்ளைவலி கண்டவள் அந்த வளைவில் என்ன நினைத்தாள் என்பது ஆச்சிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த இடத்தில் ஒரு மட்டமான எழுத்தாளன் ஒரு கனவையோ கடவுளையோ கொண்டுவந்து நிறுத்துவான். ஹெமிங்வேயாயின் வளைவின் சரிவையும், தொட்டில் கட்டிய சேலையின் நிறத்தையும், தூக்கியவர்கள் எங்கே தோள் மாற்றினார்கள் என்பதையும் எழுதிவிட்டு, அவள் நினைத்ததை விட்டிருப்பார். நம் மன்றத்தில் கதை எழுதும் நண்பர்கள் பலர் உளர். அமெரிக்கரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது துப்பாக்கியை அன்று, இதை என்பது என் கருத்து. கைதட்டல் பெற்ற நண்பர் இதற்கு மறுப்பு எழுதினால் மகிழ்வேன்.

அடுத்த வாசிப்புக் கூட்டத்துக்குப் 'பிலவ்டு' நாவலையும் மாரி செல்வராஜின் தொகுப்பையும் ஒருசேர எடுத்துக்கொள்ளலாம் என்று மன்றச் செயலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முன்னதை நம் நூலகத்தில் தேடி அலைய வேண்டா. அங்கே ஒரே படிதான் உள்ளது. அதுவும் இப்போது என்னிடம். கேட்பவர்க்கு இரண்டு வாரத்தில் தருகிறேன்.